18446744073709551615: அறுபத்து நான்கு ஒன்றுகள்

கேள்வி: காலியாக இருந்த ஒரு பட்டியலின் நீளத்திலிருந்து 1 கழித்தபோது, நிரல் 18446744073709551615 என்று காட்டியது. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையதைப் போல் இரு மடங்கு என்று வைக்கும் அரிசிக் கதையிலும் மொத்தம் இதே எண்தான் வருகிறது. இது தற்செயலா? கணிதத்தில் இந்த எண்ணுக்கு வேறு ஏதாவது சிறப்பு உண்டா?

தற்செயல் இல்லை. இரண்டு இடத்திலும் வருவது 2⁶⁴ − 1. இரும முறையில் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. சதுரங்கப் பலகைக்கு 64 கட்டம், உங்கள் கணினியின் பதிவகத்துக்கு (செயலி ஓர் எண்ணை வைத்துக் கணக்கிடும் இடம்) 64 பிட், அவ்வளவுதான் தொடர்பு. ஆனால் இந்த எண்ணின் உண்மையான சுவை 64 என்பதில்கூட இல்லை. அந்த 64 தானே 2-இன் அடுக்கு என்பதில் இருக்கிறது. 64-ஐப் பாதியாக்கினால் 32, 16, 8, 4, 2, 1 என்று மிச்சமில்லாமல் ஆறு முறை பாதியாகும். கீழே சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஆறு பாதிகளிலிருந்து வருபவை.

முதலில் எண்ணை வாசித்துவிடுவோம். நம் முறையில் காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. கோடியாகப் பிரித்தால் 1,84,467 கோடி கோடி, அதோடு 44,07,370 கோடி, அதோடு 95,51,615. மொத்தம் 20 இலக்கம்.

இதைக் கையால் கணக்கிட, கட்டம் கட்டமாக 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. கி.பி. 1000 வாக்கில் மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி இந்த எண்ணைக் கணக்கிட்டுச் சொன்னபோது இரண்டு விதிகளைப் பயன்படுத்தினார். ஒரு கட்டத்தின் எண்ணை (அதில் வைக்கும் அரிசியின் எண்ணிக்கையை) வர்க்கமாக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அங்கிருந்து இன்னும் அதே அளவு தள்ளியிருக்கும் கட்டத்தின் எண் கிடைக்கும். ஒரு கட்டத்தின் எண்ணில் ஒன்றைக் குறைத்தால், அதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை கிடைக்கும். ஆகவே இரண்டாம் கட்டத்தின் 2-இல் தொடங்கி ஆறு முறை வர்க்கம் எடுத்தால் போதும்: 4, 16, 256, 65536, 4294967296, கடைசியாக 2⁶⁴. இவை முறையே 3, 5, 9, 17, 33, 65-ஆம் கட்டங்கள். பலகையில் 65-ஆம் கட்டம் கிடையாது. இருந்திருந்தால் அங்கே வரும் எண்ணில் ஒன்று குறைத்ததே 64 கட்டங்களின் மொத்தம்.

கடைசி வர்க்கம் மட்டும்தான் கொஞ்சம் வேலை. 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

42949-இன் வர்க்கம் 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296-இன் வர்க்கம் 4528751616

முதலாவதற்குப் பின்னால் 10 பூஜ்யம், இரண்டாவதற்குப் பின்னால் 5 பூஜ்யம் சேர்த்து மூன்றையும் கூட்டினால் 18446744073709551616 வரும். பெரும்பாலும் பிழை வருவது இந்தப் பூஜ்யங்களில்தான், பெருக்கலில் அல்ல. சரிபார்க்க இரண்டு குறுக்குவழி உண்டு. இலக்கங்களைக் கூட்டினால் 88, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 7; 2⁶⁴-ஐ 9-ஆல் வகுத்தாலும் மீதி 7 வர வேண்டும், ஏனென்றால் 2⁶ = 64-இன் மீதி 1, எனவே 2⁶⁴-இன் மீதி 2⁴ = 16-இன் மீதிதான். ஆனால் 9-ஆல் செய்யும் சோதனை, அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்காது. அதற்கு 11-ஆல் செய்யும் சோதனை வேண்டும்: வலமிருந்து ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் 38, மீதி 5. 2¹⁰ = 1024-இன் மீதி 1 என்பதால் இங்கேயும் 16-இன் மீதிதான் வேண்டும், அதுவும் 5.

அரிசிக் கதை கேரளத்தில் அம்பலப்புழை கோயிலின் பால் பாயசத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணனிடம் ஆட்டத்தில் தோற்ற அரசன், அரிசிக் கடனை அடைக்க முடியாமல் பக்தர்களுக்குத் தினமும் பாயசம் கொடுக்கிறான் என்பது கதை. ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி சுமார் 52 கோடி டன். ஏறத்தாழ 710 ஆண்டு விளைச்சலைக் கொட்டினால் கடன் தீரும்.

இன்னொரு கதை பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1883-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஹனோய் கோபுரம்’ புதிரோடு வந்தது. காசியில் ஒரு கோயிலில் மூன்று கம்பங்களை வைத்து, ஒரு முறைக்கு ஒன்றாக, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், 64 பொன் தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று. குறைந்தபட்ச நகர்வுகள் சரியாக 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்றால் 58,450 கோடி ஆண்டு, அதாவது பிரபஞ்சத்தின் இப்போதைய வயதைப் போல் 42 மடங்கு. இதில் யாரும் அதிகம் பேசாத அழகு ஒன்று உண்டு: எந்த நகர்வில் எந்தத் தட்டு அசையும் என்பதை நகர்வின் வரிசை எண்ணே சொல்லிவிடும். அந்த எண்ணை இருமத்தில் எழுதி, வலது ஓரத்தில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணுங்கள். பூஜ்யமே இல்லையென்றால் மிகச்சிறிய தட்டு, ஒரு பூஜ்யம் என்றால் அடுத்தது, 63 பூஜ்யம் என்றால் அடியில் இருக்கும் பெரிய தட்டு. 63 பூஜ்யத்தில் முடியும் நகர்வு ஒன்றே ஒன்றுதான், 2⁶³-ஆவது. அது வரிசையின் சரியான நடுப்புள்ளி.

இனிக் காரணிகளுக்கு வருவோம். விஷயம் கனக்கத் தொடங்குவது இங்கேதான்.

பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசச் சூத்திரம் போதும். 2⁶⁴ − 1 என்பது 2³² − 1, 2³² + 1 இரண்டின் பெருக்கல். அதில் 2³² − 1 மறுபடி 2¹⁶ − 1, 2¹⁶ + 1 என்று உடையும். இப்படி ஆறு முறை உடைத்தால்:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

வலப்பக்கம் இருப்பவை எல்லாம் ஃபெர்மா எண்கள்: 2, 4, 16 என்று வர்க்கமாக வளரும் அதே வரிசையோடு ஒன்று கூட்டியவை. முதல் ஐந்தும் பகா எண்கள். 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா தம் கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று தாம் நம்புவதாக எழுதினார். ஆறாவதிலேயே அது பொய்த்தது. 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் காட்டியது:

4294967297 = 641 × 6700417

ஆகவே நம் எண்ணின் முழுமையான பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வரவில்லை. எனவே வகுத்திகள் 2⁷ = 128.

ஆய்லர் 641-ஐ எப்படிப் பிடித்தார்? 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்த்திருந்தால் 641 பகா எண்களில் 116-ஆவது. அதுவும் முடியாத வேலை இல்லை. ஆனால் அவர் வழி வேறு. ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 (அதாவது சரியாக வகுபட ஒன்று குறைகிறது), எனவே 2⁶⁴-இன் மீதி 1. இதற்கு முன்னால் 2-இன் எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, பகா எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கும் மீதி 1. ஆகவே பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவது 64-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும். 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை. ஃபெர்மாவின் ஊகத்தை உடைத்த கருவி ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம் என்பதுதான் வேடிக்கை. 1878-இல் லூக்கா இதை 128-இன் மடங்கு என்று இறுக்கினார். அப்படிப் பார்த்தால் 257, 641 என்று இரண்டே முயற்சி.

வகுத்தே பார்க்காமல் 641 ஒரு காரணி என்று நிறுவவும் முடியும். 641 = 5 × 2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16 = 5⁴ + 2⁴, எனவே 5⁴ வரும் இடத்தில் −2⁴ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1-க்கு மீதி 0. நான்கே வரி. 641-ஐ இந்த இரண்டு விதமாகவும் எழுத முடிவது அதிர்ஷ்டம்தான். எல்லா ஃபெர்மா எண்ணுக்கும் இப்படிக் கைகொடுக்காது.

6700417 பகா எண்தானா என்று சோதிப்பதும் லூக்காவின் விதியால் எளிதாகிறது. அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதன் காரணி எதுவானாலும் 4294967297-க்கும் காரணிதானே, எனவே அதுவும் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யமில்லை, ஆகவே பகா எண். இந்த விதி தெரியாமல் செய்திருந்தால் 370-க்கும் மேற்பட்ட வகுத்தல்கள்.

ஃபெர்மாவின் வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. 2³² + 1 முதல் தொடர்ந்து 28 எண்கள் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டன. அதனால்தான் நம் எண்ணை முதலில் உடைத்தபோது வந்த 2³² − 1, அதாவது 4294967295-க்கு ஒரு தனிப் பெருமை. ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து எந்த ஒழுங்குப் பல்கோணங்களை வரையலாம் என்பதற்கு ஜெர்மன் கணிதர் காஸ் 1801-இல் ஒரு விதி சொன்னார், 1837-இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்ஸெல் அதன் மறுபாதியை நிறுவினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். ஐந்தையும் பெருக்கினால் 4294967295. அதற்கு 32 வகுத்திகள், 1-ஐ விட்டால் 31. ஆக, ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடியவை என்று தெரிந்த பல்கோணங்கள் 31, அவற்றில் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. 2⁶⁴ − 1 பக்கம் கொண்டதை வரைய முடியாது, 641 வழியை மறிக்கிறது.

பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண்களுக்கு 1, இரட்டை எண்களுக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரிசையையும் ஒரு இரும எண்ணாக வாசித்துப் பாருங்கள்: 1, 11, 101, 1111, 10001, 110011. அதாவது 1, 3, 5, 15, 17, 51. முதல் 32 வரிசைகளும் மேலே சொன்ன 32 வகுத்திகளேதான், ஏறுவரிசையில். 64-ஆம் வரிசை முழுக்க ஒன்றுகள், அதுதான் 18446744073709551615. முதல் 64 வரிசைகளும் அதன் வகுத்திகள். ஆனால் வகுத்திகள் மொத்தம் 128 என்றோமே, மீதி 64 எங்கே? அவை 641, 6700417 இரண்டில் ஒன்று மட்டும் சேர்ந்தவை. 4294967297 உடையாமல் இருந்திருந்தால் முக்கோணமும் வகுத்திகளும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆய்லர் கண்ட விரிசல் இங்கேயும் தெரிகிறது.

இந்தக் காரணிகளுக்கு நடைமுறையில் என்ன வேலை என்று கேட்டால், கணினி நிரல்களில் வரும் ஒரு வேலை உண்டு. 64 ஒன்றுகளை 3-ஆல் (இருமத்தில் 11) வகுத்தால் 0101...01 என்று ஒன்றுவிட்டு ஒன்று வரும். 5-ஆல் வகுத்தால் 0011 திரும்பத் திரும்ப வரும். 17-ஆல் வகுத்தால் நான்கு பூஜ்யம் நான்கு ஒன்று. 257-ஆல் எட்டு எட்டு. 65537-ஆல் பதினாறு பதினாறு. 4294967297-ஆல் வகுத்தால் மேல்பாதி பூஜ்யம், கீழ்ப்பாதி ஒன்று. ஒரு 64 பிட் எண்ணில் எத்தனை பிட் 1 என்று எண்ணும் நிரல்களில் வரும் ஆறு முகமூடிகளும் (எந்தெந்தப் பிட்டை மட்டும் பார்ப்பது என்று குறிக்கும் எண்கள்) இவைதான். பார்ப்பதற்கு யாரோ இஷ்டத்துக்கு எழுதிவைத்த மாறிலிகள் போல இருக்கும். உண்மையில் ஒரே எண்ணை ஆறு ஃபெர்மா எண்களால் வகுத்த ஈவுகள்.

8 பிட்டில் செய்து பார்த்தால் வேலை புரியும். அங்கே மொத்தம் 255 = 3 × 5 × 17, முகமூடிகள் 85, 51, 15. எடுத்துக்காட்டாக 181, இருமத்தில் 10110101, ஐந்து ஒன்றுகள். முதல் படியில் 181-ஐ 85-ஓடு ‘ஆண்ட்’ செய்தால் (இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 வைத்தால்) 21. 181-ஐ வலப்பக்கம் ஓரிடம் தள்ளி (90) 85-ஓடு ஆண்ட் செய்தால் 80. கூட்டினால் 101, இருமத்தில் 01 10 01 01. ஒவ்வொரு ஜோடியும் அந்த இடத்தில் எத்தனை ஒன்று இருந்தது என்று சொல்கிறது: 1, 2, 1, 1. இரண்டாம் படியில் முகமூடி 51, இரண்டிடம் தள்ளல்: 33 + 17 = 50, அதாவது 0011 0010, மூன்றும் இரண்டும். மூன்றாம் படியில் முகமூடி 15, நான்கிடம் தள்ளல்: 2 + 3 = 5. எட்டு பிட்டுக்கு மூன்று படி, 64 பிட்டுக்கு ஆறு படி. தவறு நேரும் இடம் ஒன்றுதான்: தள்ளிய பிறகு முகமூடி போட வேண்டும். முதல் படியில் முகமூடி போடாமல் அப்படியே கூட்டினால் ஒரு ஜோடியின் கூட்டல் பக்கத்து ஜோடிக்குள் வழிந்துவிடும்.

641 × 6700417 உறவுக்கும் ஒரு பயன் உண்டு, பலருக்குத் தெரியாது. 32 பிட் எண் ஒன்றை 641-ஆல் வகுக்க வேண்டுமானால் வகுத்தலே தேவையில்லை. 6700417-ஆல் பெருக்கி, 64 பிட் விடையின் மேல் 32 பிட்டை எடுத்தால் போதும், அதுவே ஈவு. காரணம், 6700417-ஐ 2³²-ஆல் வகுத்தால் வருவது 1/641-ஐ விட மிக மிகச் சிறிதளவே கூடுதல். 2³²-க்குள் இருக்கும் எந்த எண்ணைப் பெருக்கினாலும் அந்தக் கூடுதல் 1/641-க்குக் குறைவாகவே இருக்கும், எனவே ஈவின் முழு எண் பகுதி மாறாது. நவீன கம்பைலர்கள் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) மாறிலியால் வகுப்பதைப் பெரும்பாலும் இப்படிப் பெருக்கலாக மாற்றுகின்றன. பொதுவாகப் பெருக்கிய பிறகு இன்னொரு சிறு தள்ளலும் வேண்டியிருக்கும். 641-க்கு அது வேண்டாம்.

இப்போது உங்கள் நிரல். குறியில்லாத (எதிர்மறை எண்ணுக்கு இடமில்லாத) 64 பிட் வகையில் 0 − 1 என்றால் கடிகார முள் 12-க்குப் பின்னால் போவது போல எண் பின்னால் சுழன்று உச்ச மதிப்புக்குப் போய்விடும். குறியுள்ள வகையில் இதே 64 ஒன்றுகளுக்கு −1 என்று பொருள். பிட்டுகள் ஒன்றே, வாசிப்பு மட்டும் வேறு. நிரலின் லாகில் (அது எழுதிவைக்கும் பதிவில்) இந்த எண்ணைக் கண்டால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். காலியான பட்டியலின் நீளத்தில் ஒன்று குறைத்திருக்கலாம். சி++ சரத்தில் தேடியது கிடைக்காதபோது திரும்பும் ‘என்போஸ்’ மதிப்பைச் சோதிக்காமல் அச்சிட்டிருக்கலாம். அல்லது ‘பிழை’ என்று சொல்ல ஒரு செயற்கூறு திருப்பிய −1-ஐ குறியில்லாத மாறியில் வாங்கியிருக்கலாம். பட்டியலைக் கடைசியிலிருந்து முதல்வரை சுற்றும் வளையத்தில் ‘பூஜ்யத்துக்குச் சமம் அல்லது மேல்’ என்று நிபந்தனை எழுதினால், குறியில்லாத மாறிக்கு அது எப்போதும் உண்மை, வளையம் நிற்காது. முதலில் பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று பார்த்து, பிறகு குறைத்து, அதன் பிறகே பயன்படுத்துங்கள்.

இந்த எண்ணை மிதவைப் புள்ளி வகையில் (பின்னங்களையும் மிகப் பெரிய எண்களையும் தோராயமாக வைக்கும் வகை) வைக்கவும் கூடாது. 64 பிட் மிதவையில் முழு எண்ணுக்குக் கிடைப்பது 53 பிட்தான். 2⁶⁴-க்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்த மிதவை எண்களுக்கு இடைவெளி 2048. நம் எண்ணுக்கு அங்கே இடமில்லை, 2⁶⁴ ஆகவே உருட்டப்படும். அதைத் திரும்ப 64 பிட் முழு எண்ணாக மாற்றினால் கொள்ளளவைத் தாண்டுகிறது. சி மொழியில் அதன் விளைவு வரையறுக்கப்படவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் இதை 18446744073709552000 என்று காட்டும். எக்செல்லில் தட்டினால் 15 இலக்கத்துக்குப் பிறகு பூஜ்யம் போட்டு 18446744073709500000 ஆக்கிவிடும். 64 பிட் அடையாள எண்களை ஜேசானில் (நிரல்கள் தரவு பரிமாறும் உரை வடிவம்) அனுப்பும்போது மேற்கோளுக்குள் சரமாக அனுப்பச் சொல்வது இதனால்தான். பைத்தானின் சாதாரண முழு எண்ணில் சிக்கல் இல்லை, எவ்வளவு பெரிதானாலும் தாங்கும். பைத்தானின் கணக்கீட்டு நூலகமான நம்பையின் குறியில்லா 64 பிட் வகைக்கு மாறினால் அதே சுழற்சி அங்கேயும் வரும்.

இந்தச் சுழற்சி பணத்தில் நடந்ததும் உண்டு. 2010 ஆகஸ்ட் 15, பிட்காயினின் 74638-ஆம் பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு). அதில் ஒரு பரிவர்த்தனைக்கு உள்ளே வந்தது அரை பிட்காயின். வெளியே போனவை இரண்டு தொகைகள், ஒவ்வொன்றும் 92,23,37,20,36,85,42,77,039 சடோஷி. (ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி.) தனித்தனியாக ஒவ்வொன்றும் குறியுள்ள 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1-க்குச் சற்றுக் குறைவு, எனவே எதிர்மறையா என்ற சோதனையில் தேறிவிட்டது. இரண்டையும் கூட்டினால் 1,84,46,74,40,73,70,85,54,078. அது 2⁶⁴-க்கு 9,97,538 குறைவு. குறியுள்ள 64 பிட்டில் அந்தக் கூட்டுத்தொகை −9,97,538 என்று தெரிந்தது. வெளியே போவது உள்ளே வந்ததைவிடக் குறைவு என்று நிரல் திருப்தியாகி, 18,446 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயினை உருவாக்க அனுமதித்தது. மொத்தமாக இருக்கக்கூடியதே 2.1 கோடிதான். சில மணி நேரத்தில் திருத்தம் வந்து, அந்தச் சங்கிலி கைவிடப்பட்டது. கூட்டிய பிறகு சோதிப்பது பயனில்லை. ஒவ்வொரு தொகையும் மொத்த உச்சவரம்புக்குள் இருக்கிறதா என்று கூட்டுவதற்கு முன்பும், ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஏழு பகாக் காரணிகளும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் இடம். அமெரிக்கக் கணிதர் மார்சாக்லியா 2003-இல் வெளியிட்ட சமவாய்ப்பு எண் ஆக்கி ஒன்று 64 பிட் எண்ணை எடுத்து, இடப்பக்கம் 13 தள்ளி, வலப்பக்கம் 7 தள்ளி, மறுபடி இடப்பக்கம் 17 தள்ளி, ஒவ்வொரு முறையும் தள்ளியதைத் தள்ளாத எண்ணோடு ‘எக்ஸார்’ செய்கிறது (இரண்டு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0). அது தொடங்கிய இடத்துக்குத் திரும்ப எத்தனை அடி ஆகும்? சரியாக 18446744073709551615. இதை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க முடியாது. நொடிக்கு 100 கோடி அடி வைத்தாலும் 584 ஆண்டு ஆகும். செய்வது வேறு. ஓர் அடியை 64 × 64 பிட் அணியாக எழுதி, அதை இந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இந்த எண்ணை 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஒவ்வொன்றாலும் வகுத்த ஏழு அடுக்குகளுக்கும் உயர்த்தி, அவற்றில் எதிலும் அலகு அணி வரவில்லை என்று உறுதி செய்வார்கள். மொத்தம் எட்டுச் சோதனை. அடுக்குக்கு உயர்த்துவது அல்பிரூனி செய்த மாதிரியே வர்க்கத்தின் மேல் வர்க்கமாக, ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதிகம் போனால் நூற்றிச் சொச்சம் அணிப் பெருக்கல்தான். 641-ஐ மறந்து 4294967297-ஐயே பகா எண் என்று நம்பிச் சோதித்தால், 641-இல் ஒரு பங்குச் சுற்றிலேயே திரும்பிவிடும் ஒரு மோசமான ஆக்கி தப்பித்துப்போக வாய்ப்புண்டு. சுற்றின் நீளம் ஏன் 2⁶⁴ இல்லாமல் ஒன்று குறைகிறது என்றால், பூஜ்யம் எவ்வளவு தள்ளினாலும் பூஜ்யமாகவே நிற்கும். அதனால் இந்த ஆக்கிக்குத் தொடக்க விதையாக 0 கொடுத்துவிடாதீர்கள். கடைசிவரை 0 மட்டுமே வந்துகொண்டிருக்கும்.